விண்டோஸ் 11: ஹோம் போதுமா, புரோவுக்கு மாற வேண்டுமா?

மலர்விழி:
வணக்கம். புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம் போட்டு வந்திருக்கிறது. விற்றவர், புரோவுக்கு மாறினால் வேகமாக ஓடும் என்கிறார். நான் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களின் கோப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கும், லேப்டாப் தொலைந்து போனால் எடுத்தவர் எதையும் திறந்து பார்க்க முடியக் கூடாது, என் முதல் கவலை அதுதான். வீட்டிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் போக வேண்டும். லினக்ஸும் கற்றுக்கொள்ளப் போகிறேன். இன்னொன்று, புரோவை ஏற்றிப் பார்க்கலாம் என்று யுஎஸ்பியில் இருந்து புதிதாக நிறுவினால், எந்தப் பதிப்பு என்று கேட்காமலேயே ஹோம் ஏறிவிடுகிறது. யுஎஸ்பியில் கோளாறா?

கதிர்_சிஸ்டம்ஸ்:
யுஎஸ்பியில் கோளாறு இல்லைங்க. ஹோமுடன் விற்கப்படும் லேப்டாப்பில் அதற்கான கீ (உரிம எண்) பயாஸிலேயே, அதாவது மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருளிலேயே, பதிந்திருக்கும். நிறுவும்போது விண்டோஸ் அதைப் படித்துக்கொண்டு நேராக ஹோமுக்குப் போய்விடும். புரோ வேண்டுமென்றால் மறுபடி நிறுவ வேண்டிய அவசியமே இல்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் புரோ கீயைக் கொடுத்தால் கோப்புகள் அப்படியே இருக்க, ஒரு ரீஸ்டார்ட்டில் மாறிவிடும். ஆனால் புரோவில் இருந்து ஹோமுக்கு இறங்க அப்படி வழி கிடையாது, துடைத்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும். அதனால் யோசித்து மாறுங்கள்.

வேகம் கூடும் என்பது உண்மையில்லை, உள்ளே ஓடுவது ஒரே விண்டோஸ்தான். ஹோம் 128 ஜிபி ரேம் வரை எடுத்துக்கொள்ளும், புரோ 2 டிபி வரை. லேப்டாப்பில் இந்த வித்தியாசத்துக்கு வேலையே இல்லை.

பழைய_அட்மின்:
ரிமோட் டெஸ்க்டாப் விஷயத்தில்தான் நிறைய பேர் தேவையில்லாமல் புரோ வாங்குகிறார்கள். புரோ இருக்க வேண்டியது நீங்கள் உள்ளே போகிற கம்ப்யூட்டரில், உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டரில் இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் திறந்து எடிஷன் என்ன என்று பாருங்கள். அங்கே புரோ இருந்தால் உங்கள் ஹோம் லேப்டாப்பில் இருந்து தாராளமாகப் போகலாம். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டை ரவுட்டரில் நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை யூகித்து உள்ளே வர அந்தப் போர்ட்டைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம். அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போக உதவும் விபிஎன் வழியாகப் போங்கள்.

லினக்ஸுக்கும் ஹோம் போதும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யுஎஸ்எல், விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டும் அதில் ஓடும். ஓடவில்லையென்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே மாதிரி வேலைக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஹைப்பர்-வி மேனேஜரும், புரோகிராம்களைத் தனியாகச் சோதித்துப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸும்தான் ஹோமில் கிடையாது.

மலர்விழி:
அலுவலகத்தில் புரோதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அப்படியானால் லேப்டாப் தொலைந்தாலும் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கருக்காக மட்டும் புரோ வாங்க வேண்டுமா?

கதிர்_சிஸ்டம்ஸ்:
ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று ஒன்று உண்டு. அடியில் அதுவும் பிட்லாக்கர்தான், கட்டுப்பாடுகள் மட்டும் குறைவு. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால்தான் பாதுகாப்பு முழுமையாக இயங்கத் தொடங்கும், ரெக்கவரி கீயும் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அந்த 48 இலக்க எண்ணை இன்றே தாளில் எழுதி லேப்டாப் பையைத் தவிர வேறெங்காவது வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்த பிறகு சில சமயம் விண்டோஸ் அதைக் கேட்கும், கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாது. பென்டிரைவைப் பூட்ட வேண்டும், பூட் ஆகும்போதே பின் நம்பர் கேட்க வேண்டும் என்றால் மட்டும் புரோ தேவை.

நித்யா_தேவ்:
எல்லோரும் ஹோம் போதும் என்கிறீர்கள், அப்டேட்டை யாரும் யோசிக்கவில்லையே. ஹோமில் அதிகபட்சம் 5 வாரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். புரோவில் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்புகள் வழியாக, வருடாந்திரப் பெரிய அப்டேட்டை 365 நாள் வரை தள்ளிப் போடலாம், மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை 30 நாள் வரை. கணக்கு முடிக்கும் மாதத்தில் பெரிய அப்டேட் வந்து பிரிண்டர் வேலை செய்யாமல் போனால் தெரியும் அருமை. என் வேலைக்கு இது ஒன்றுக்காகவே புரோ வைத்திருக்கிறேன்.

பழைய_அட்மின்:
நித்யா சொல்வது நியாயமான காரணம், மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே லேப்டாப்புக்கு, வேலை நெருக்கும்போது 5 வாரம் நிறுத்தி வைப்பதே போதும் என்பது என் கருத்து. அப்படியே வாங்கினாலும், சந்தேகப்படும்படி மலிவாகக் கிடைக்கும் கீ வேண்டாம். அவற்றில் பலவும், நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த வால்யூம் கீகள், பின்னால் முடக்கப்பட்டுவிடும்.

மலர்விழி:
சரி, ஹோமிலேயே இருக்கிறேன். என்கிரிப்ஷன் ஆன் ஆகிவிட்டது, கீயையும் எழுதி வைத்தாயிற்று. விபிஎன்னுக்கு அலுவலகத்தில் நாளை கேட்கிறேன். நன்றி.

கதிர்_சிஸ்டம்ஸ்:
கேட்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாதபடி வைக்கவும் சொல்லிவிடுங்கள், தூங்கிவிட்டால் வீட்டிலிருந்து உள்ளே போக முடியாது.