புதுப்பிப்பு: குடும்பக் கோப்புகளுக்கு எண் போட்ட பிறகு

மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: குடும்பக் கோப்புகளை ஆள் வாரியாகப் பிரிப்பதா, வகை வாரியாகவா? சிலர் ஜானி டெசிமல் முறையைச் சொன்னீர்கள்: பெரிய பிரிவுக்கு 10-19 போல ஓர் எண் வரம்பு, அதற்குள் ஒவ்வொரு வகைக்கும் 11, 12 என்று ஓர் எண், வகைக்குள் ஒவ்வொன்றுக்கும் 11.01 போல ஓர் எண். அதையே பிடித்துக்கொண்டேன்.

10-19 முழுக்கக் குடும்பம். 11 நான், 12 மனைவி, 13 மகள், 14 அப்பா அம்மா. அப்பாவின் கண் அறுவை சிகிச்சை ரிப்போர்ட் 14.03, தேடவே வேண்டாம். சிக்கல் வந்தது பொதுவான தாள்களில். திருமணச் சான்றிதழ் யார் கணக்கில் போகும்? முதலில் இரண்டு இடத்திலும் பிரதி வைத்தேன். மடத்தனம். ஒன்றை மாற்றினால் மற்றது பழையதாகவே கிடக்கிறது. இப்போது 15 'பொது'. இருவர் சம்பந்தப்பட்டால் யோசிக்காமல் அங்கேதான்.

கோப்புப் பெயரை 2019-03-14 என்று ஆண்டை முன்னால் வைத்துத் தொடங்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடுகிறது.

படங்கள்தான் இன்னும் தலைவலி. பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்ததில் எல்லாவற்றுக்கும் ஸ்கேன் செய்த நாளே தேதியாக விழுந்துவிட்டது. மெசேஜ் ஆப் வழியாக வந்தவற்றில் எடுத்த நேரத்தைச் சொல்லும் எக்சிஃப் தகவலே பெரும்பாலும் இல்லை. இந்தத் தகவலைத் திருத்த உதவும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருளில் ஒரே கட்டளையில் மொத்தமாகத் தேதி மாற்றலாம்தான். ஆனால் எந்த ஆண்டு என்று யாருக்குத் தெரியும்? அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். ஒரு மாலையில் 12 படம்தான் நகர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. சரி என்று அவற்றையும் ரெக்கார்ட் செய்து 14.20-இல் போட்டிருக்கிறேன்.

அப்புறம், படங்களை எண்களுக்குள் திணிப்பதை விட்டுவிட்டேன். ஆண்டு வாரியாகத் தனி ஃபோல்டர். ஆண்டு தெரியாதவை '1980-கள்' போலப் பத்தாண்டுக் கணக்கில் கிடக்கின்றன.