'சொல்மறதி' மூன்று வகைக்கும் பொருந்துமா?

> நம் கலைச்சொல் பட்டியலில் இந்த மொழி நோயின் மூன்று வகைக்கும் 'சொல்மறதி' என்றே வைத்து, முன்னால் ஓர் அடைமொழி போட்டால் போதாதா தம்பி?

போதாது அண்ணே. நாம் பெயர் தேடுவது பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியாவுக்கு, அதாவது மூளை தேய்ந்து மொழி படிப்படியாகக் கெடும் நோய்க்கு. அதில் மறதி என்ற சொல் நுழைந்தாலே வம்பு. 1982இல் நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் விவரித்த ஆறு பேருக்கும் பக்கவாதம் இல்லை, பொதுவான மறதிநோயும் இல்லை. மொழி மட்டும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கழன்றது. சிலர் எழுதும் 'பேச்சிழப்பு'ம் எனக்கு ஒட்டவில்லை. நாக்கும் தொண்டையும் நன்றாக இருக்கும்போதே எழுத்தும் புரிதலும் கெடலாமே. 'படிப்படியான மொழியிழப்பு' என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 'முதன்மை' வேண்டாம். முக்கியமானது என்று படித்துவிடுவார்கள்.

இனி வகைகள். 2011 வகைப்பாட்டில் மூன்று. காரைக்குடிப் பக்கம் ஓர் ஆச்சியிடம் கொட்டானைக் காட்டி, இது என்ன என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "அதுதான்ப்பா... ஓலையிலே முடைவோமே, கலர் கலரா... பலகாரம் வச்சுக் குடுப்போமே..." என்று சுற்றிச் சுற்றி வருவார், பெயர் வராது. நாமே 'கொட்டான்' என்றால், "ஆமா, அதேதான்!" என்பார். நீள வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதியில் நழுவிவிடும். இன்னோர் ஆச்சியிடம் பெயரையே சொன்னாலும், "கொட்டானா? அப்படின்னா என்ன?" என்று நம்மையே கேட்பார். இவர் நீள வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியவர். இரண்டையும் 'சொல்மறதி' என்று எழுதினால் அறிக்கையைப் படிக்கும் டாக்டர் எதையென்று எடுத்துக்கொள்வார்?

ஸ்கேனிலும் இடம் வேறு. இரண்டாம் ஆச்சிக்கு மூளையின் பொட்டு மடலின் முன்முனை, பெரும்பாலும் இடப்பக்கம், மெலிந்திருப்பது எம்.ஆர்.ஐ.யிலேயே பளிச்சென்று தெரியும். முதல் ஆச்சிக்கு இடது பொட்டு மடலும் சுவர் மடலும் சேரும் இடத்தில் கோளாறு. ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. அதிகம் காட்டிக்கொடுக்காமல் போகலாம். அந்த இடம் குளுக்கோஸைக் குறைவாக எடுப்பது பெட் ஸ்கேனில் தெரியும். அடியில் இருப்பதும் வேறு: முதலாமவருக்குப் பெரும்பாலும் அல்சைமர், இரண்டாமவருக்குப் பெரும்பாலும் டி.டி.பி-43 என்ற புரதத்தின் படிவு. வீட்டாரிடம் சொல்லவேண்டிய சேதியும் அதற்கேற்ப மாறும்.

மூன்றாவதில் குழப்பம் குறைவு. திக்கித் திணறிப் பேச்சு வரும், வேற்றுமை உருபும் வினைமுற்றும் உதிரும். இடது நுதல் மடலின் பின்பகுதியும் அதற்கு உள்ளே மடிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியும் பாதிக்கப்பட்டிருக்கும்.

என் பரிந்துரை, மேலே சொன்ன வரிசையிலேயே: சொல்லெட்டா மொழியிழப்பு, பொருளிழப்பு மொழியிழப்பு, தொடர்குலை மொழியிழப்பு.

---

தம்பிக்கு,

கொட்டான் உதாரணத்தில் விழுந்துவிட்டேன். 'சொல்மறதி'யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு 'பொருளிழப்பு' என்று எழுதலாமா? பர்மாவில் விட்டுவந்த சொத்தைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துக்கொள்வார்கள்! இழப்பு இழப்பு என்று இருமுறை வருவதும் காதுக்கு நன்றாக இல்லை. 'பொருள் விளங்கா மொழியிழப்பு' என்று வைப்போமே.

'சொற்பொருள்' என்று குறுக்கலாமா என்றும் யோசித்தேன். நீங்கள் சொல்லும் இரண்டாம் ஆச்சிக்குச் சொல் மட்டுமா போகிறது? நோய் முற்றினால் கொட்டானைக் கையில் கொடுத்தாலும் அது எதற்கு என்று தெரியாதே. ஆக, வெறும் 'பொருள்'தான் சரி. சொல்லின் பொருளும் அதில் அடங்கும், கையில் இருக்கும் பொருளும் அடங்கும்.

'சொல்லெட்டா' அருமை. 'தொடர்குலை' வாழைக்குலை மாதிரி ஒலிக்கிறது. 'தொடர் சிதைந்த' என்று விரித்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் இரண்டையும் அப்படியே விடுவோம், பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்கும் அதுதான் தெரியும். மூளைத் திசு தேய்வதைச் சொல்லும் அட்ரஃபிக்கு 'மெலிவு' எனக்குச் சம்மதம். பட்டியலில் யாரோ 'மூளைச் சுருக்கம்' என்று சேர்த்திருக்கிறார்கள், அதை எடுத்துவிடுங்கள். அறிக்கையின் கடைசியில் 'சுருக்கம்' என்று வேறொரு தலைப்பு வருமே, இரண்டும் முட்டிக்கொள்ளும்.