பாட்டியின் பெருமூச்சு எங்கே போனது? ஏஐ வைத்து ஆடியோ சரிசெய்த அனுபவங்கள்

சமீபத்தில் ஒரு குடும்பத்துக்காக அவர்கள் பாட்டியின் வாழ்க்கைக் கதையைப் படம்பிடித்தேன். நாற்பது நிமிடப் பேட்டி. பாட்டிக்கு வியர்த்துக் கொட்டியதால் மின்விசிறியை நிறுத்த மனம் வரவில்லை. பாதியில் காலர் மைக்கின் பேட்டரி தீர்ந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு கையில் இருந்தது கேமரா மைக் எடுத்த ஒலி மட்டும்தான்: விசிறி இரைச்சல், வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, அதற்குள் எங்கோ பாட்டியின் குரல்.

திரும்ப எடுக்க வழியில்லை. அந்தக் கதையை அதே மனநிலையில் இன்னொரு முறை சொல்லச் சொல்லி எப்படிக் கேட்பது? ஃபைலை ஒரு ஏஐ கருவியில் ஏற்றினேன். சில நிமிடங்களில் வந்துவிட்டது. விசிறி இல்லை, எதிரொலி இல்லை, பாட்டி காதோரம் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அப்படியே எடிட்டிங் டைம்லைனில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஹெட்ஃபோன் போட்டு, படத்தோடு சேர்த்துக் கேட்டேன். தங்கை இறந்ததைச் சொல்கிற இடம். பாட்டி பேச்சை நிறுத்துகிறார், தொண்டையைச் செருமுகிறார், நீளமாக ஒரு பெருமூச்சு விடுகிறார். படத்தில் தோள் ஏறி இறங்குகிறது. ஒலியில் ஒன்றுமே இல்லை. பேச்சு இல்லாத எல்லாமே கருவிக்கு இரைச்சல். அடுத்த வரி, "பழி என் மேல விழுந்திருச்சு." சுத்தமான ஒலியில் அது "பலி" என்று கேட்கிறது. மூலத்தில் குரல் மங்கல்தான், ஆனால் ழகரம் இருக்கிறது. இவ்வளவு தெளிவாகத் தப்பாகக் கேட்டதுதான் என்னைக் கலங்க வைத்தது.

காரணம் இதுதான். ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் இருக்கிற ஆர்என்நாய்ஸ் என்ற இரைச்சல் நீக்கி போன்றவை, வந்த ஒலியில் எந்த அலைவரிசை குரல், எது இரைச்சல் என்று கணித்து இரைச்சலை மட்டும் அமுக்குகின்றன. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இன்னொரு வகை, குரலையே திரும்ப உருவாக்குகிறது. எதிரொலியில் கரைந்துபோன எழுத்தை, தான் கற்ற குரல்களை வைத்து ஊகித்து நிரப்புகிறது. தமிழ் குறைவாகக் கேட்டுப் பழகிய கருவி என்றால் ழ, ள, ல மூன்றும் எளிதில் குழம்பும்.

கடைசியில் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் இருக்கும், குரலை மட்டும் பிரித்தெடுக்கிற வாய்ஸ் ஐசொலேஷனை முழுதாக ஏற்றாமல் பாதி அளவில் வைத்தேன். விசிறி லேசாகக் கேட்கும், பரவாயில்லை, படத்தில் விசிறி சுற்றுகிறதே! செருமல், பெருமூச்சு, 'பழி' வரும் அந்த வாக்கியம் ஆகியவற்றை மட்டும் மூல ஒலியிலிருந்து வெட்டி எடுத்து, இரு முனையிலும் ஒலி மெல்ல ஏறி இறங்கும்படி சின்ன ஃபேட் கொடுத்து ஒட்டினேன். யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் வெற்று ஒலியை அடியில் முழுக்க ஓடவிட்டேன், அதனால் ஒட்டு தெரியவில்லை. பாட்டியின் மகள் பார்த்துவிட்டு, பெருமூச்சு வந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகச் சொல்லி இன்னொரு முறை கேட்டார்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் மாட்டிக்கொண்டது வேறு இடம். மகள் மேடையில் பேசிய வீடியோவில் பின்னால் சினிமாப் பாட்டு ஓடியது. டெமுக்ஸ் என்ற ஏஐ கருவியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். தபேலா, வயலின் எல்லாம் தனியாகப் போய்விட்டன, பாடகரின் குரல் மட்டும் மகள் குரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. யோசித்தால் நியாயம்தான், அது பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கச் செய்த கருவி, இரண்டுமே அதற்குக் குரல். வெறும் வாத்திய இசை வந்த பகுதி மட்டும் அருமையாகப் பிரிந்தது. மிச்சத்துக்கு சப்டைட்டில் போட்டேன்.

*

எந்த வேலையை முதலில் செய்வது என்ற வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நான் ரொம்ப நாள் கம்ப்ரெஸ்ஸர் (பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) போட்டுச் சத்தத்தைத் தூக்கிவிட்டு, அப்புறம் ஏஐயிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரெஸ்ஸர் சின்னச் சத்தங்களையும் சேர்த்து மேலே கொண்டுவருகிறது, குரலுக்கும் இரைச்சலுக்கும் இருந்த இடைவெளி போய்விடுகிறது, கருவி திணறி உலோகம் மாதிரி ஒரு ஒலியைத் தருகிறது. இப்போது முதலில் இரைச்சல் நீக்கம், பிறகு ஈக்யூ (ஒலியின் கனம், கூர்மையைச் சரிசெய்வது), கம்ப்ரெஸ்ஸர், யூடியூபுக்கு என்றால் கடைசியாக மொத்தச் சத்தத்தை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருவது. ஒரு சந்தேகம் அண்ணா: மூல ஒலியையும் சுத்தமான ஒலியையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்தால் குழாய்க்குள் பேசுவது போல ஆகிறதே?

*

தம்பி, எனக்கும் ஆனது. சுத்தமான ஃபைல் எம்பி3 ஆக வந்தால் தொடக்கத்திலேயே சில மில்லி விநாடி வெற்றிடம் சேர்ந்திருக்கும், அதனால் இரண்டும் சற்றே விலகி ஓடும். சுருக்காத ஒலி வடிவமான டபிள்யூஏவி ஆக எடுங்கள். டைம்லைனைப் பெரிதாக்கி, வல்லெழுத்து வெடிக்கிற ஒரு இடத்தில் இரண்டு அலைகளையும் நேர்ப்படுத்துங்கள். திரும்ப உருவாக்கும் வகைக் கருவி என்றால் நேர்ப்படுத்தினாலும் முழுதாகப் பொருந்தாது. அதற்குக் கலக்காமல், நான் செய்த மாதிரி வெட்டி ஒட்டுவதுதான் வழி.