பெண்பிள்ளையளின் உதைபந்து: வட்டார லீக்கா, பட்டணத்துப் பெரிய லீக்கா?

கனகராயன்:
மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளையள் 20 பேர், வயது 12 முதல் 15 வரை. பாடசாலைப் போட்டி வலய மட்டத்தோட முடிஞ்சா பிறகு வருசம் முழுக்க ஆட்டமில்லை. இப்ப இரண்டு வழி இருக்கு. ஒண்டு, சுற்றுவட்டாரக் கழகங்கள் 6 அணியோட தொடங்கிற லீக், அணிக்கு 9 பேர். மற்றது கிளிநொச்சியில 16 வயதுக்குட்பட்டோருக்கான 11 பேர் லீக். அங்க போட்டி கடுமை, தெரிவாளர்களும் பார்க்க வருவினம். எதை வைச்சு முடிவெடுக்கலாம்?

வவுனிக்குளத்தார்:
11 பேர் லீக்தான். மாகாண மட்டத்துக்குப் போனால் 7.32 மீற்றர் அகலக் கோல், 5ஆம் இலக்கப் பந்து, முழு மைதானம். அந்த இடைவெளிக்குப் பழகாத பிள்ளைக்கு முதல் 20 நிமிசத்திலயே மூச்சு முட்டிப்போகும். வடமாகாணத்தில பெண்கள் உதைபந்து எண்டால் தெல்லிப்பளை மகாஜனாக் கல்லூரி மாதிரி வருசக்கணக்காக் கட்டியெழுப்பின அணியளோட மோதவேணும். பின்வரிசை நாலு பேரும் ஒரே கோட்டில ஏறி இறங்கிறது, மூலை உதையில ஆளுக்கு ஆள் பிடிக்கிறது, இதெல்லாம் கடுமையான ஆட்டத்திலதான் படியும். பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுத் திறமையில கிடைக்கிற விசேட அனுமதிக்கும் தேசிய மட்டச் சாதனை வேணும். வட்டாரக் கிண்ணத்தைக் காட்டி அங்க ஒண்டும் செய்யேலாது.

முத்தையன்கட்டு அக்கா:
அண்ணா, ஆர் எத்தனை நிமிசம் விளையாடுவினம் எண்டதை முதல்ல பாருங்கோ. 80 நிமிச ஆட்டம், 11 பேர், மொத்தம் 880 நிமிசம். பெயர்ப்பட்டியல் 18 எண்டால் 2 பேர் வீட்டில. மிச்சப் பேருக்குச் சமமாப் பிரிச்சால் ஆளுக்கு 49 நிமிசம் வரும். வெல்லவேணும் எண்டு இறங்கிற லீக்கில ஒருத்தரும் சமமாப் பிரிக்கிறேல்லை. 12, 13 வயதுக்காரர் மாத்து ஆளா வெளியில வாங்கிலதான் இருப்பினம். 9 பேர் லீக்கில இதே 20 பிள்ளையளை 10, 10 ஆப் பிரிச்சு இரண்டு அணி இறக்கலாம். 60 நிமிச ஆட்டத்தில ஆளுக்கு 54 நிமிசம்.

கோலையும் யோசியுங்கோ. 145 சென்ரிமீற்றர் உயரப் பிள்ளையை 2.44 மீற்றர் உயரக் குறுக்குக் கம்பத்துக்குக் கீழ நிறுத்தினால், 20 மீற்றரில இருந்து உயர்த்தி அடிக்கிற எல்லாம் கோல்தான். எதிரணி ரெண்டு ஆட்டத்தில அதைக் கண்டுபிடிச்சிடும். பிறகு பின்வரிசை பயந்து வாற பந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முன்னுக்கு அடிக்கும், பாஸ் கொடுக்கிறது செத்துப்போகும். 9 பேர் ஆட்டத்துக்கு 4.88க்கு 2.13 மீற்றர் கோல், 4ஆம் இலக்கப் பந்து. அந்தக் கோலில கோல்கீப்பர் சரியான இடத்தில நிண்டாப் பந்தைத் தடுக்கேலும். இடம் பிடிக்கிறதை அப்பதான் பழகுவா.

வவுனிக்குளத்தார்:
54 நிமிசம் தாளிலதான் தங்கச்சி. 10 பேர் அணியில ஒருத்திக்கு மாதவிடாய் வலி, இன்னொருத்திக்கு டியூசன், மிச்சம் 8. தோத்துக்கொண்டு, மாத்த ஆளில்லாமல் வெயிலில நிக்கிற 8 பேர் என்னத்தைப் படிக்கிறது?

12, 13 வயதுக்குச் சின்னக் கோல் நல்லது, அதை ஏற்கிறன். நான் சொல்லிறது 15 வயதுப் பிள்ளையள். அதில கெட்டிக்காரி வட்டார லீக்கில நாலு பேரை வெட்டி வெட்டித் தானே கோல் அடிப்பா. பந்து காலுக்கு வர முதலே தலையை நிமிர்த்திப் பாக்கிறதும் ரெண்டு தொடுகையில விடுறதும் அவவுக்குத் தேவைப்படாது. மாகாணத்தில எதிராளி அரைச் செக்கனில காலடிக்கு வந்திடுவா, அப்ப பந்து பறிபோகும். அதைத் திருத்த ஒரு பருவம் பிடிக்கும்.

முத்தையன்கட்டு அக்கா:
ஆள் குறையிறதுக்கு வழி இருக்கு. ஒரே கழகத்தின்ர மற்ற அணியில இருந்து வயது குறைஞ்ச ரெண்டு பேரைக் கடனாக எடுக்கலாம் எண்டு லீக் விதியில எழுதச் சொல்லுங்கோ. வெளியில வந்த பிள்ளை திரும்ப உள்ள போறதையும் சேருங்கோ. ஆட்ட விதிகளின் 3ஆம் விதிப்படி, தேசியச் சங்கம் இணங்கினால் இளையோர் ஆட்டத்தில அது செய்யலாம். லீக் தொடங்க முதல் எழுதாட்டி நடு ஆட்டத்தில சண்டைதான் வரும்.

பாலைப்பழம்:
ரெண்டு பேரும் ஆட்டத்தின்ர அளவைப் பற்றியே கதைக்கிறியள். ஆட்ட அட்டவணையைக் கேட்டனீங்களோ? 16 அணி நொக்கவுட் எண்டால் மொத்தம் 15 ஆட்டம், 8 அணி ஒரே ஆட்டத்தோட பஸ் ஏறும். 6 அணி எல்லாரோடயும் ஒருக்கால் மோதினாலும் 15 ஆட்டம்தான், ஆனால் ஒவ்வொரு அணிக்கும் 5. நடுவருக்கும் மைதானத்துக்கும் செலவு ஒண்டுதான். லீக் எண்டு பேர் வைச்சுக்கொண்டு நொக்கவுட் நடத்திறதும் இருக்கு. ஒரே நாளில எத்தனை ஆட்டம் எண்டும் கேளுங்கோ. களைச்ச காலோட மூண்டாவது ஆட்டத்தில திரும்பி நிலத்தில குதிக்கிறபோதுதான் முழங்கால் லிகமென்ட் போறது கூட, அதுவும் பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஆம்பிளையளை விட ஆபத்து அதிகம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின்ர, காயத்தைத் தடுக்கிற 11 பிளஸ் சூடேற்றல் பயிற்சியை எந்த லீக்குக்குப் போனாலும் விடாதேங்கோ: 15 பயிற்சி, 20 நிமிசம், கிழமைக்கு ஆகக் குறைஞ்சது ரெண்டு தரம். குதிச்சு இறங்கேக்க முழங்கால் உள்பக்கம் மடியுதோ எண்டு முன்னால நிண்டு பாக்கவேணும்.

அடுத்தது காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரித் தண்ணி, மைதானம் கிடையாது. தை, மாசியில பாடசாலையளில இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. மிச்சக் காலத்தில ஆனி, ஆடி கச்சான் காத்து. காத்து வாற திசையைப் பாத்துக் கோல் நட்டால் ஒரு பாதி முழுக்கப் பந்து ஒரு பக்கமே நிக்கும், ரெண்டு பாதியும் வீண். மைதானம் காத்துக்குக் குறுக்கா இருக்கவேணும். காய்ஞ்ச கிரவல் நிலத்தில அடியில நீளக் கூர் உள்ள சப்பாத்து கணுக்காலை முறிக்கும், குட்டையான கூர் அடியோட சேத்து வார்த்த சப்பாத்துதான் போடவேணும். பந்தைக் கல்லுமாதிரி அடிக்காதேங்கோ, 0.6 முதல் 1.1 வரை வளிமண்டல அழுத்தம் விதியில இருக்கு, 0.6க்குக் கிட்ட வைச்சால் இறுகின நிலத்தில பந்து அடங்கும்.

பிறகு பயணம். 4 மணிக்குத் தொடங்கினால் இடைவேளையோட 5.40 ஆகும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டினாப் பிறகு யானை வாற ரோட்டில 20 பிள்ளையளோட வாறது பெற்றாருக்கு ஏற்காது. 2.30க்கு வைச்சால் வெயில், ஒவ்வொரு பாதியிலும் தண்ணி இடைவேளை கட்டாயம். எந்த மைதானத்திலயும் உள்பக்கம் பூட்டிற கதவுள்ள கழிவறை இருக்கோ, உடுப்பு மாத்த அறை இருக்கோ, பொம்பிளைப் பொறுப்பாளர் வருவாவோ எண்டு போய்ப் பாருங்கோ. அது இல்லாத இடத்தில முதல் விளையாட்டை விட்டு நிக்கிறது 14 வயதுப் பிள்ளைதான்.

இன்னொண்டு. பாடசாலைப் போட்டி கல்வி அமைச்சின் கீழ, லீக்குகள் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கீழ. 2023 சனவரியில பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்ட்டிலதான் அந்தத் தடையை விலக்கினது. ஆனபடியால் எந்த லீக்குக்குப் போனாலும் பாடசாலை அணியைக் கைவிடாதேங்கோ.

கனகராயன்:
15 வயதுக்காரர் 5 பேரை மட்டும் கிளிநொச்சிக் கழகமொண்டில விட்டு, மிச்ச 15 பேரை வட்டாரத்துக்கு விட்டால்?

முத்தையன்கட்டு அக்கா:
ஒரு நேரத்தில ஒரு கழகத்திலதான் பதியலாம் எண்டதை மறக்காதேங்கோ. கையெழுத்து வைக்க முதல் விடுவிப்புக் கடிதம் எப்பிடி எடுக்கிறது எண்டு கேக்கவேணும், இல்லாட்டி வாங்கிலயும் இருந்து, திரும்பவும் வரேலாமல் போகும். வயதெல்லை எந்தத் திகதியில கணக்கெடுக்கினம் எண்டும் சுற்றறிக்கையில பாருங்கோ. 5 பேரை எடுத்தால் வட்டார அணி தளரும். எனக்கு அதில முழு விருப்பமில்லை. அனுப்பினால், ஒவ்வொரு ஆட்டத்திலயும் அரைவாசி நேரமாவது இறக்குவம் எண்டு எழுத்தில தரவேணும்.

வவுனிக்குளத்தார்:
எந்தப் பயிற்றுவிப்பாளரும் அப்பிடி எழுதித் தரமாட்டார், நான் எண்டாலும் தரன். அதை விட்டுட்டுப் போன வருச ஆட்ட அறிக்கைத் தாளுகளைக் கேளுங்கோ. மாத்தின ஆளின்ர பெயரும் நிமிசமும் அதில இருக்கும். 15 வயதுக்காரர் 75ஆம் நிமிசத்திலதான் இறங்கினமோ, 50இல இறங்கினமோ எண்டு தெரியும். கோல் வித்தியாசத்தையும் எண்ணுங்கோ: பாதிக்கு மேல ஆட்டங்கள் 5 கோலுக்கு மேல போயிருந்தால் அந்த லீக் வெண்டவைக்கும் சரியில்லை, தோத்தவைக்கும் சரியில்லை. அந்த நிலை எண்டால் நானே அக்கா சொன்ன 9 பேர் லீக்குக்குத்தான் அனுப்புவன்.

முத்தையன்கட்டு அக்கா:
தாளைப் பாத்தபிறகும் 12, 13 வயதுக்காரரை அனுப்ப நான் சம்மதியன். 15 வயதுக்காரருக்கு மட்டும் பாருங்கோ.

கனகராயன்:
போன வருசத் தாளுகளைக் கேட்டு இந்தக் கிழமை எழுதிறன். கழிவறைக் கதவையும் போய்ப் பாக்கிறன்.