ரயில்வே சிக்னல் பணியா, நாடக மேடை ஆர்மோனியமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நான் தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில், சிக்னல் பிரிவில் இளநிலைப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். மின்னணுவியல் படித்துவிட்டு ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வந்த வேலை இது. ஏழாவது ஊதியக் குழுவின் ஆறாம் நிலையில் 35,400 ரூபாய் அடிப்படை ஊதியத்தோடு தொடங்கும். அகவிலைப்படி, மருத்துவ வசதி எல்லாம் உண்டு. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான்தான்.

எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில் சிறுவயதிலேயே ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன். மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் (வெவ்வேறு ஊர்க் கலைஞர்களை ஓர் இரவுக்கென அழைத்து நடத்தும் இசை நாடகங்கள்) ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுக்கு அமர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற பங்குனியில் மூத்த கலைஞர் ஒருவர் வர முடியாமல் போனபோது, ஒரு கிராமத்தில் 'வள்ளி திருமணம்' நாடகத்துக்கு என்னை உட்கார வைத்தார்கள். அதன்பிறகு இரண்டு அமைப்பாளர்கள் தேதி கேட்டு அழைத்தார்கள். விடுப்புக் கிடைக்காததால் மறுத்துவிட்டேன். ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் மனம் மிகவும் வாடுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞனாகலாமா என்று எண்ணுகிறேன். அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு வயது இருபத்தெட்டு, இன்னும் திருமணம் ஆகவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற சிக்னல் பொறியாளர், மதுரை

தம்பி, உங்கள் பிரிவிலேயே முதுநிலைப் பகுதிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். 1966ஆம் ஆண்டின் ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளில் 15ஆம் விதி, முன் அனுமதியின்றி வேறு தொழிலோ வேலையோ செய்யக் கூடாது என்கிறது. அதே விதி, அலுவலகக் கடமைக்குக் குந்தகம் இல்லாமல் எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிகளுக்கு இடம் தருகிறது. ஆனால் அதற்குக் கட்டணம் பெற வேண்டுமானால் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆகவே ரயில்வே ஊழியர் மேடையேறவே கூடாது என்று யாராவது சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள். கலைஞர்களுக்கென்றே தனி ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் நிறுவனம் இது.

ராஜினாமாவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டுகள் பணி முடித்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதியும், குறைந்தது 10 ஆண்டுகள் முடித்தவருக்கு மாதம் 10,000 ரூபாயும் உறுதி செய்யப்பட்டுள்ளன. பணியைத் துறந்தவருக்கு இந்த உறுதி கிடையாது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் விரைவு ரயில் வேறு தடத்துக்குள் புகுந்து சரக்கு ரயிலில் மோதி, 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்றங்களில் இருந்த குறைபாடுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியது. நம் கை படும் ஒரு கம்பி எதைச் செய்யும் என்பது உங்களுக்கும் தெரியும். விடியும்வரை வாசித்துவிட்டுக் காலையில் சிக்னல் மின்சுற்றுகள் இருக்கும் ரிலே அறைக்குள் நுழைய ஒருபோதும் நினைக்காதீர்கள். மேடை வேண்டுமானால், முதலில் கோட்ட அலுவலகத்தில் வரைபடப் பிரிவு போன்ற பகல் நேரப் பணிக்கு மாறுதல் கேளுங்கள். உடனே கிடைக்காது, கேட்டு வைத்தால்தான் வரிசையில் உங்கள் பெயர் இருக்கும்.

பதில்: ஆர்மோனியக் கலைஞர், மேலூர் பக்கம்

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்பாட்டு வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பஜனை மடத்தில் வாசிப்பதற்கும் நாடக மேடையில் வாசிப்பதற்கும் உள்ள தூரத்தை ஓர் இரவில் அளந்துவிட முடியாது. நாம் மேடையில் பாடும் நாடகப் பாடல்களை எழுதிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழுவான பாலர் சபையை அமைத்தபோது, சிறுவர்களை ஓரிடத்தில் தங்க வைத்துப் பாடமும் பாட்டும் சொல்லிக் கொடுத்துத்தான் மேடையேற்றினார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், கோமாளியான பபூன் கடைசிப் பேருந்தில் வந்து இறங்குவார். ஒத்திகை கிடையாது. இவர்களை ஒரே நாடகத்துக்குள் கொண்டுவருகிற பொறுப்பில் பெரும்பங்கு ஆர்மோனியக்காரருடையது. ஒவ்வொருவருக்கும் கட்டை, அதாவது பாடும் சுருதி, வேறு. ஒருவர் முடித்த சுருதியிலிருந்து அடுத்தவர் எடுக்கும் சுருதிக்கு நீங்கள் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் எந்தப் பாட்டை எடுப்பார் என்பது அந்த நேரம்வரை தெரியாது. நடிகருக்கு அடி மறந்தால் சபைக்குத் தெரியாமல் எடுத்துக்கொடுக்க வேண்டும். இதற்குச் சுவாமிகளின் பாடல்கள் முழுவதும் நெஞ்சில் இருக்க வேண்டும். மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் குறைந்தது ஒரு பருவமாவது உட்கார்ந்து கேட்காமல் இது வராது.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிவரை ஓடி ஓடி வாசிப்போம். பிறகு தேதிகள் மெலிந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடையே இருக்காது. பருவத்தில் சேர்த்ததைக் கொண்டுதான் அந்த மாதங்களை ஓட்ட வேண்டும். தேதி கொடுத்துவிட்டால் காய்ச்சலாக இருந்தாலும் போக வேண்டும். முடியாவிட்டால் நமக்கு நிகரான ஒருவரை அனுப்ப வேண்டும். உங்கள் வேலையிலும் இரவில் அழைத்தால் ஓட வேண்டியிருக்குமே. ஆக, இரண்டும் ஒரே இரவைக் கேட்கின்றன. நீங்கள் தீர்க்க வேண்டிய சிக்கல் அதுதான். பணம் எனக்கு இரண்டாவதாகவே படுகிறது.

இன்னொன்றையும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் வருகிறதே என்பதற்காகவோ, விதிக்கு அதுதான் எளிது என்பதற்காகவோ இலவசமாகவோ பாதித் தொகைக்கோ வாசிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஆசைக்காக ஓர் இரவு வாசித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அடுத்த ஆண்டு அதே ஊரார் அதே தொகையை எங்களிடம் சொல்வார்கள். அனுமதி வாங்குவதானால் கட்டணத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். வாங்கியபின் முழுத் தொகையையும் கேளுங்கள்.

பதில்: ஆசிரியை, உசிலம்பட்டி

என் தந்தை ராஜபார்ட் நடிகர். அவருடைய குரலைக் கேட்டு ஊரே உறைந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக் கட்டணத்துக்காக என் அம்மா அடகுக் கடை வாசலில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். தந்தை தன் வாழ்க்கையை நினைத்து வருந்தியதே இல்லை. ஆனால் அந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தவர் அவர் ஒருவர்தான். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசு தரும் மாத உதவித்தொகை 3,000 ரூபாய். முதுமையில் அதை நம்பி ஒரு வீடு நடக்காது.

ஆகவே, தம்பி, திருமணத்துக்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். பெண் பார்க்கும்போது ரயில்வே வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு வேலையை விடுவது பெரிய அநியாயம். பங்குனி, சித்திரை இரவுகளில் வீட்டில் இருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டும் சம்மதிக்கும் பெண் இருப்பாள். உங்கள் அப்பாவின் மௌனத்தையும் பகையாக எண்ண வேண்டாம். ஒரு முறை அவரை நாடகத்துக்கு அழைத்துச் சென்று மேடைக்கு அருகில் உட்கார வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ராஜினாமா எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். மேலூர் ஐயா சொன்ன பிறகுதான், நான் மேடைக்கு இன்னும் தயாராகவில்லை என்பது புரிகிறது. பகல் நேரப் பணிக்கு மாறுதல் கேட்டு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். அது கிடைக்கும்வரை யாருக்கும் தேதி கொடுக்க மாட்டேன். அதற்குள் சுவாமிகளின் பாடல்களைக் கற்க விரும்புகிறேன். ஐயாவிடம் வந்து கற்கலாமா? கட்டணத்துக்கான அனுமதியை எப்படி எழுதிக் கேட்பது என்பதையும் பெரியவர் சொல்ல வேண்டும்.

பதில்: ஆர்மோனியக் கலைஞர், மேலூர் பக்கம்

தாராளமாக வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கும் வேலை இருக்காது. உங்கள் ஓய்வு நாளில் காலையிலேயே வந்துவிட்டால் மாலைவரை உட்காரலாம். முதலில் வள்ளி, நாரதர் பாட்டுகள். அரிச்சந்திரனைப் பிறகு பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் போதும், பாடல்களை உங்கள் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற சிக்னல் பொறியாளர், மதுரை

மாறுதல் விண்ணப்பத்தையும் அனுமதி விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். தனித்தனியாக, உங்கள் மேலதிகாரி வழியாகவே அனுப்புங்கள். மாறுதல் கிடைத்த பிறகு அனுமதியைக் கேட்பது நல்லது. எந்த மாதங்களில், ஏறத்தாழ எத்தனை இரவுகள், கட்டணம் பெறுவீர்களா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். மறுநாள் பணி இருக்கும் இரவுகளில் வாசிக்க மாட்டேன் என்பதை நீங்களே ஓர் உறுதிமொழியாகச் சேருங்கள். பதில் எழுத்தில் வரும்வரை காத்திருங்கள்; வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் அதிகாரி மாறினால் நிற்காது.