சிஸ்கோ கொன்பிக்கை ஜூனிப்பருக்கு மாத்தினன், கமெரா வருது கொம்பியூட்டருக்கு ஐபி வருகுதில்லை

கரிப்பட்டமுறிப்பான்:
வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சியில ஒரு ரெண்டு மாடி ஒபிசில ஐடி வேலை பாக்கிறன், ஐடி எண்டா பிரிண்டரில பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவினம். கீழ் மாடியில கொம்பியூட்டர், போன், கமெரா கேபிளெல்லாம் வந்து சேர்ற சுவிச், சிஸ்கோ 2960, போன கிழமை இடி மழையோட செத்துப்போச்சு. நல்ல காலம் அதுக்கு முதலே ஷோ ரன் அடிச்சு அதின்ட கொன்பிக்கை (செட்டிங் எல்லாத்தையும்) ஒரு பைலில வச்சிருந்தன். கொழும்பில இருந்து செகண்ட் ஹாண்ட் ஜூனிப்பர் ஈஎக்ஸ்2200 சுவிச் ஒண்டு, 24 போட், மலிவா எடுத்துத் தந்தவை, நான் ஜூனோஸை (ஜூனிப்பரின்ட ஒப்பரேட்டிங் சிஸ்டம்) கண்ணாலயும் கண்டதில்லை. சரியெண்டு அந்த பைலை வரி வரியா பாத்து மாத்தத் தொடங்கினன். ட்ரங்க் போட்டுக்கு, அதாவது கன வீலானை (ஒரே சுவிச்சுக்குள்ள பிரிச்ச தனித்தனி நெட்வேர்க்) ஒரே கேபிளில கொண்டுபோற போட்டுக்கு, கூகிள்ல எல்லாரும் இன்டர்ஃபேஸ்-மோட் ட்ரங்க் எண்டு போடச் சொல்லுறாங்கள், நான் அடிச்சா சின்டக்ஸ் எரர். கேள்விக்குறி அடிச்சுப் பாத்து போட்-மோட் எண்டு ஒண்டு கிடக்க அதைப் போட்டன், கொமிட் (மாத்தினதை அமலாக்கிறது) ஆச்சு. இப்ப மேல் மாடி சிஸ்கோவுக்குப் போற அப்லிங்கில வீலான் 30 கமெரா, கேற் கமெராவைத் தவிர, எல்லாம் வடிவா வருது, ஆனா கொம்பியூட்டர் எல்லாம் வீலான் 1, அதில ஒண்டுக்கும் ஐபி கிடைக்குதில்லை, ஐபி குடுக்கிற டிஎச்சிபி மேல ரவுட்டரில இருக்கு. போனும் (வீலான் 20) எழும்புதில்லை. உந்த கொன்பிக்கை தானா மாத்தித் தாற டூல் ஏதும் இருக்கோ? திங்கக்கிழமை ஒபிஸ் திறக்க முதல் முடிக்கோணும்.

வவுனியா_கொன்சோல்:
தம்பி டூலை விடுங்கோ, 24 போட்டுக்கு டூல் தேடுற நேரத்தில கையால ரெண்டு தரம் எழுதி முடிச்சிடலாம். வரி வரியா மாத்தினதுதான் பிழை. சிஸ்கோ பைலில எழுதாத விசயம்தான் கனக்க, அதை எப்பிடி வரி வரியா மாத்துவியள்? சிஸ்கோ ட்ரங்க் ஒண்டும் சொல்லாட்டி எல்லா வீலானையும் விடும், வீலான் 1ஐ நேட்டிவ் எண்டு எடுத்து டாக் (எந்த வீலான் எண்ட அடையாளம்) இல்லாம அனுப்பும். உங்கட பழைய பைலில இதுக்கு ஒரு வரியும் இருந்திராது. ஜூனிப்பரில ட்ரங்க் எண்டா நீங்கள் பேர் சொன்ன வீலான் மட்டும்தான், டாக் இல்லாம வாறதை எறிஞ்சு போடும். அதுதான் டாக்கோட வாற கமெரா வருது, கொம்பியூட்டர் வருகுதில்லை.

டிபோல்ட் வீலானுக்கு வீலான்-ஐடி 1 குடுங்கோ, பிறகு அந்த ட்ரங்க் போட்டில யூனிட் 0, ஃபமிலி ஈதர்நெட்-சுவிச்சிங் கீழ நேட்டிவ்-வீலான்-ஐடி 1 போடுங்கோ. மெம்பர்ஸ் பட்டியலில 1ஐ சேர்க்க வேண்டாம், 20உம் 30உம் மட்டும். இன்டர்ஃபேஸ்-மோட் எண்டது ஈஎக்ஸ்2300, 3400 மாதிரி பிறகு வந்த பெட்டியளின்ட பாஷை, அதுக்கு ஈஎல்எஸ் எண்டு பேர், உங்கட 2200 பழைய பாஷை. ஈஎல்எஸ்ஸில நேட்டிவ் போடுற இடமும் வேற, பட்டியலில சேர்க்கிற விதியும் வேற. அதால எதைக் கொப்பி பண்ண முதலும் அது எந்தப் பெட்டிக்கு எழுதினது எண்டு பாருங்கோ.

மாங்குளம்_சந்தி:
போனுக்கு நான் சொல்லுறன், இதில நான் ரெண்டு நாள் மண்டை காய்ஞ்சனான். சிஸ்கோவில சுவிச்போட் வொய்ஸ் வீலான் 20 எண்டு ஒரு வரி, போன் சிடிபியில (சிஸ்கோ பெட்டியள் தங்களுக்குள்ள கதைக்கிற பாஷை) கேட்டு தெரிஞ்சுகொள்ளும். ஜூனிப்பர் சிடிபி கதைக்காது, அதே வேலைக்கு எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான எல்எல்டிபி-மெட் தான். ஈதர்நெட்-சுவிச்சிங்-ஒப்ஷன்ஸ் கீழ வொய்ப் எண்டு போய் ஒவ்வொரு போட்டையும் வீலானையும் சொல்லோணும், எல்எல்டிபி, எல்எல்டிபி-மெட் ரெண்டையும் ஓன் பண்ணோணும். பழைய சிஸ்கோ போன் சிலது சிடிபி மட்டும்தான் விளங்கும், அப்பிடியெண்டா போனின்ட மெனுவுக்குள்ள போய் வீலானை கையால அடிக்க வேண்டியதுதான்.

மற்றது போட் நம்பர்! சிஸ்கோ 1ல தொடங்கும், ஜூனிப்பர் 0ல. உங்கட பட்ச் பனல் (சுவர்க் கேபிளெல்லாம் வந்து முடியிற பலகை) 1ல இருந்துதானே எழுதியிருக்கும், கேபிளை வரிசையா குத்தினா எல்லாம் ஒண்டு தள்ளிப் போகும். நான் செய்தது 0ஐ வெறுமையா விட்டு 1க்கு 1, 2க்கு 2 எண்டு 23 வரைக்கும் குத்தி, 24ம் கேபிளை 0ல விட்டன். பாக்க கொஞ்சம் கோணல், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு டோர்ச்சோட நிண்டு கழிச்சுப் பாக்கத் தேவையில்லை.

வவுனியா_கொன்சோல்:
உந்த 0 யோசினை எனக்கும் வரேல்ல பாருங்கோ.

இன்னொண்டு, தூர இருந்து மாத்திறதெண்டா சும்மா கொமிட் அடியாதேங்கோ. கொமிட் கன்ஃபோம்ட் 5 அடியுங்கோ, அஞ்சு நிமிசத்துக்குள்ள திரும்ப ஒரு கொமிட் அடிக்காட்டி அதுவா பழைய கொன்பிக்குக்கு போயிடும். நான் ஒருக்கா வீட்டில இருந்துகொண்டு ஒரு ட்ரங்கில கை வச்சு லைன் அறுந்து, ஒட்டுசுட்டானுக்கு விடிய பஸ் ஏறிப் போய் கொன்சோல் வயரைக் குத்தினனான். அந்த பஸ்ஸில தான் இந்தக் கமாண்டைப் பற்றி வாசிச்சன்.

முல்லைத்தீவு_பெடியன்:
அண்ணை சொன்னதெல்லாம் சரி, ஆனா ஒருத்தரும் கரண்டைப் பற்றி கதைக்கேல்ல. சிஸ்கோவை நாங்கள் வயரைப் பிடிச்சு இழுத்து ஓஃப் பண்ணிப் பழகிட்டம். ஜூனோஸ் அடியில ஃப்ரீபிஎஸ்டி எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டம், கொம்பியூட்டர் மாதிரி, எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனா பைல் சிஸ்டம் பழுதாகிப் போகலாம். எங்கட பக்கம் மழை இருட்டினாலே லைட் போயிடும், அதால சின்ன யூபிஎஸ் ஒண்டு கட்டாயம், நீங்களா நிப்பாட்டிறதெண்டா ரிக்குவெஸ்ட் சிஸ்டம் பவர்-ஓஃப் அடிச்சு அது நிண்ட பிறகு வயரைக் கழட்டுங்கோ. உள்ள ரெண்டு ரூட் பார்டிஷன் (ஜூனோஸ் இருந்து எழும்புற இடம்) இருக்கு, எல்லாம் சரிவந்தோண்ண ரிக்குவெஸ்ட் சிஸ்டம் ஸ்னப்ஷொட் ஸ்லைஸ் ஓல்டர்னேட் எண்டு ஒருக்கா அடிச்சு விட்டா மற்றதிலயும் கொப்பி விழும், ஒண்டு பழுதானா மற்றதில எழும்பும்.

கரிப்பட்டமுறிப்பான்:
நேட்டிவ்-வீலான்-ஐடி போட்டு கொமிட் குடுத்தன், முதலாவது கொம்பியூட்டர் ஐபி எடுத்ததைப் பாக்க கத்தோணும் போல இருந்துது, காவல்கார ஐயாதான் என்ன தம்பி எண்டு ஓடி வந்தவர். நன்றி அண்ணை. போன் ஆறில நாலு தானா வந்திட்டுது, ரெண்டுக்கு மெனுவுக்குள்ள போய் 20 அடிச்சன். போட் நம்பர் விசயம் வாசிக்கேக்கதான் விளங்கிச்சுது ஏன் கேற் கமெரா மட்டும் கொம்பியூட்டர் போட்டில குந்திக்கொண்டிருந்தது எண்டு.

ஒரு சின்னக் கேள்வி, மேல் மாடிக்கு ரெண்டாவது கேபிள் ஒண்டும் பழைய காலத்தில இழுத்து வச்சிருக்கு, அதையும் குத்தலாமோ?

வவுனியா_கொன்சோல்:
இப்ப குத்தாதேங்கோ. ரெண்டு கேபிள் இருந்தா டேட்டா சுத்திக்கொண்டே நிக்காம ஒண்டை அடைக்கிற வேலைக்கு மேல சிஸ்கோ வீலானுக்கு ஒண்டா பிவிஎஸ்டி ஓட்டுது, உங்கட ஜூனிப்பர் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ஆர்எஸ்டிபி, வீலான் 1ல மட்டும்தான் ரெண்டும் ஆளையாள் விளங்கும். ஒரு கேபிள் எண்டா பிரச்சினை இல்லை. ரெண்டு வேணுமெண்டா ஜூனிப்பரிலயும் வீலானுக்கு ஒண்டா ஓடுற விஎஸ்டிபி போடோணும், இல்லாட்டி ரெண்டையும் எல்ஏசிபியில ஒரே கேபிள் மாதிரிக் கட்டோணும், அந்தப் பக்கம் சனல்-குரூப் மோட் அக்டிவ் எண்டு இருக்கோணும், டிசயரபிள் எண்டா சிஸ்கோவின்ட சொந்த பாஷை, சரிவராது. திங்கள் முடியட்டும், மேல் சுவிச்சின்ட ஷோ ரன்னையும் பாஸ்வேட்டை அழிச்சிட்டு இதில போடுங்கோ, பாப்பம்.