வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆபீஸ் வாங்க வேண்டுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புது லேப்டாப்போடு வந்த ஆபீஸின் இலவசக் காலம் முடிந்து, சந்தா கட்டச் சொல்லி அறிவிப்பு வர ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது. மைக்ரோசாஃப்ட் 365-க்குச் சந்தா கட்டுவதா, ஆபீஸ் 2024-ஐ ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிடுவதா, இல்லை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்வதா? எதில் என்ன வசதி கூடுதல் என்று ஒப்பிட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. அந்த வசதிகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் யாரும் தொடப் போவதுமில்லை. அதனால் நான் எங்கள் கோப்புகளைத்தான் பார்த்தேன். தேதிவாரியாக அடுக்கி, எது வீட்டோடு நின்றது, எது வெளியே போனது, வெளியே போனதில் எது திருத்தத்தோடு திரும்பி வந்தது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், கடிதங்கள், விண்ணப்பங்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. மிஞ்சினால் பிடிஎஃப் ஆகவோ ப்ரிண்ட் ஆகவோ வெளியே போகின்றன. போனது போனதுதான், அதை யாரும் திறந்து திருத்தி நமக்கே திருப்பி அனுப்பப் போவதில்லை. இந்த வேலைகளுக்கு லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும் என்று உறுதியாகச் சொல்வேன். போய்த் திரும்பி வருகிற கோப்பு என்றால் என் மனைவியின் அலுவலகக் கோப்புகள் மட்டும்தான். அவர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார். அவர்கள் வைத்திருக்கும் சந்தாவிலேயே ஓர் ஊழியர் ஐந்து கணினிகள் வரை ஆபீஸ் போட்டுக்கொள்ளலாம், வீட்டு லேப்டாப்பும் அதில் சேரும் என்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயத்தை விரிவாகச் சொல்லவேண்டும், பலர் இதில்தான் வெறுத்துப் போகிறார்கள். என் மகளின் பயோடேட்டா வேர்டில் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. லிப்ரே ஆபீஸில் திறந்ததும் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டன. மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் சாய்வாகத் தெரிந்தது. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, வேறொன்றை வைத்துக் காட்டுகிறது என்பதற்கான அடையாளம் அது. வேர்டில் 2007 முதல் தானாக வந்துகொண்டிருந்தது காலிப்ரி. அதே அகலத்தில் அமைந்த கார்லிட்டோ லிப்ரே ஆபீஸுடன் சேர்ந்தே வருவதால் வரிகள் இடம் மாறாது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஆப்டோஸுக்கு மாறியது. அதற்கு அப்படி ஒரு ஜோடி கூடவே வருவதில்லை. எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றியதும் பக்கம் பழையபடி அடங்கிவிட்டது, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினோம்.

இன்னொன்று. ஓப்பன் ஆபீஸ் வேறு, லிப்ரே ஆபீஸ் வேறு. சன் நிறுவனம் 1999-இல் ஸ்டார் ஆபீஸை வாங்கி, அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போன பிறகு, ஓப்பன் ஆபீஸை உருவாக்கியவர்களில் பலர் பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். ஓப்பன் ஆபீஸ் இன்றும் கிடைக்கிறது. ஆனால் அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2014-இல் வந்தது, அதற்குப் பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். புதிதாகப் போடுகிறவர்கள் லிப்ரே ஆபீஸையே போடுங்கள்.

* * *

போய்த் திரும்பி வரும் கோப்பு என்றீர்களே, என் ஆய்வேடு முழுக்க அந்த வகைதான். நெறியாளர் வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் (செய்த திருத்தங்களைக் குறித்துக் காட்டும் வசதி) போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்புவார். நான் லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்தி அனுப்புவேன். திருத்தக் குறிகளும் ஓரக் குறிப்புகளும் எந்தச் சேதமும் இல்லாமல் வந்து போயின. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அடுத்த பக்கத்துக்கு நீளும் அட்டவணைகளும், படத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய விளக்க வரிகளும்தான் போகப் போக இடம் மாறின. நெறியாளர் அங்கே சரிசெய்வார், இங்கே வந்ததும் மறுபடி நகரும்.

ஜோடெரோ போன்ற மேற்கோள் மென்பொருள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். லிப்ரே ஆபீஸில் வழக்கமான முறையில் செருகிய மேற்கோளை வேர்டின் டாக்எக்ஸ் கோப்பாகச் சேமித்தால், அது வெறும் எழுத்தாகிவிடும். நூற்பட்டியலோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். ஜோடெரோவின் ஆவண அமைப்பில் மேற்கோள்களை ‘புக்மார்க்ஸ்’ ஆக வைக்கும் வழி ஒன்று இருக்கிறது, இரண்டு மென்பொருளுக்கும் அது பொது. எழுத ஆரம்பிக்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

கடைசியில் நான் வேர்டுக்கே போய்விட்டேன். ஆய்வேடு மாதிரி, பலர் கைபட்டுப் பல மாதம் சுற்றும் கோப்புக்கு எதிராளி வைத்திருக்கும் மென்பொருளையே வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. அதற்குக் காசு கொடுப்பது வீண் இல்லை. மாணவர்கள் முதலில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கல்லூரி மெயில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். தகுதியுள்ள கல்வி நிறுவனம் என்றால் ஆபீஸ் 365 எஜுகேஷன் இலவசமாகவே கிடைக்கும்.

* * *

நான் கணக்கு எழுதுகிறவன், எக்செல் பற்றி மட்டும் சொல்கிறேன். கூட்டல், சராசரி, வடிகட்டுதல், பிவட் டேபிள் வரைக்கும் லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்க் எந்தக் குறையும் வைக்கவில்லை. அட்டவணையில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் சூத்திரம் இல்லையே என்று முன்பு குறைப்பட்டவர்கள் லிப்ரே ஆபீஸ் 24.8 பதிப்பைப் போட்டுப் பாருங்கள், அது 2024 ஆகஸ்டில் வந்தது. எக்ஸ்லுக்அப், ஃபில்டர், சோர்ட், யுனிக் எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக முடிக்கும் மேக்ரோவில்தான் இடிக்கிறது. எக்செலின் நிரல்மொழியான விபிஏ-வில் எழுதியதில் எளிமையானவை ஓடுகின்றன, படிவம் பட்டன் என்று போனால் பாதியில் நின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து தரவை இழுத்துச் சீர்செய்யும் பவர் குவெரி கால்க்கில் கிடையாது. அதை நம்பி வேலை செய்கிறவர்கள் எக்செலை விட்டு வரவே வேண்டாம்.

எக்செல் பழகிய கைக்கு முதலில் தடுமாற்றம் இருக்கும். ஒரு கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போக எக்செலில் ஆல்ட்-என்டர், கால்க்கில் கன்ட்ரோல்-என்டர். மெனு பழையபடி இருப்பது பிடிக்காவிட்டால் வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் ‘டேப்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஆபீஸ் மாதிரியே பட்டை வந்துவிடும். அடிக்கடி வெளியே அனுப்புகிறவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் வரை போய், எப்போதும் எக்செல் வடிவத்திலேயே சேமிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

* * *

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறவினர் ஒருவர், "உங்கள் இலவச மென்பொருளில் என் தமிழ்க் கோப்பெல்லாம் குப்பையாகத் தெரிகிறது" என்று வருத்தப்பட்டார். போய்ப் பார்த்தால் எல்லாமே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் அடித்த கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டும் அப்படித்தான் காட்டும். இதில் காசு கொடுத்தது, கொடுக்காதது என்ற பேச்சுக்கே இடமில்லை. பாமினியை நிறுவியதும் எல்லாம் படிக்க வந்தது. பிறகு ஒவ்வொரு கோப்பாக எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றினோம். ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்புகளில் ஆங்கிலச் சொற்களை மாற்றாமல் தனியே காப்பாற்ற வேண்டியிருந்தது, அதற்குத்தான் நேரம் போனது. ஆனால் செய்துவிட்டால் அந்தக் கோப்பு எந்த மென்பொருளிலும் திறக்கும், தேடினால் சொல் கிடைக்கும். எந்த ஆபீஸ் என்று முடிவு செய்வதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது.

லிப்ரே ஆபீஸில் ஸ்டைல் வழியாக எழுத்தளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ஸ்டைலில் தமிழுக்கென்று எழுத்துருவும் அளவும் தனியாக வைக்கலாம். வெளியே அனுப்பும்போது ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்பவும் வழி உண்டு.

* * *

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். காசும் கொடுக்காமல் வேர்டும் வேண்டும் என்று திருட்டுப் பதிப்பு போடுகிறவர்கள் நிறைய. தெரிந்தவர் ஒருவர் அதன் பூட்டைத் திறக்கப் போட்ட ‘ஆக்டிவேட்டர்’ செய்த முதல் காரியமே ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னதுதான். வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில், முகம் தெரியாத ஒருவனின் நிரலுக்கு முழு அதிகாரமும் கொடுக்கிற வேலை இது. தயவுசெய்து செய்யாதீர்கள். வேர்டேதான் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தொடங்கி, பிரவுசரிலேயே வேர்டையும் எக்செலையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். வசதிகள் குறைவுதான், ஆனால் நேர்மையான வழி.

* * *

சந்தாவை நிறுத்தினால் பழைய கோப்புகள் போய்விடுமா என்று பலரும் பயப்படுகிறார்கள். நான் நிறுத்தியவன், நடந்ததைச் சொல்கிறேன். கோப்புகள் எங்கும் போகவில்லை. வேர்டில் திறந்து படிக்கலாம், ப்ரிண்ட் எடுக்கலாம். திருத்தவும் புதிதாகத் தொடங்கவும்தான் விடாது. அதே கோப்புகளை லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவை. சந்தாவோடு வந்த 1 டிபி இடம், நிறுத்தியதும் இலவச அளவான 5 ஜிபி-க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் வைத்திருந்தால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, நீண்ட நாள் அப்படியே விட்டால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். நான் நிறுத்துவதற்கு முந்தைய வாரமே எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவிட்டேன்.

ஒரே தடவை வாங்குகிறவர்களும் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஆபீஸ் 2019-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. ஆபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் வரைதான், ஆபீஸ் 2024-க்கு 2029 அக்டோபர் வரை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பதிப்பை இப்போது வாங்காதீர்கள்.